சுதி இறங்கும் இடம்

ஈசல்மிக்கு வடக்கே, பைன் மரங்களுக்கு நடுவே
பழைய கார்களை உடைப்பது என் பிழைப்பு.
உடைக்கும் முன் ஒரு பழக்கம்:
பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புவேன்,
கடைசியாக என்ன கேட்டுக்கொண்டு போனார்கள் என்று.
பெரும்பாலும் வானிலை அறிக்கைதான்.
ஒருமுறை ஜெர்மன் மொழிப் பாடம்.
ரயில் எப்போது புறப்படும், ரயில் எப்போது புறப்படும் என்று
கேட்டுக்கொண்டே இருந்தாள் ஒருத்தி.

நவம்பரில் ரைலி ஹூட்டுனென் வந்தார்.
முப்பது வருடம் தபால் சுமந்த கொரோல்லா
இழுவை வண்டியின் கொக்கியில்,
அடித்தட்டு முழுக்கத் துரு.
கையெழுத்துப் போட்டார்,
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்,
போகவில்லை.
"ஒரு பக்கம் மட்டும் ஓடவிடலாமா?"

கேசட் தொண்ணூற்று மூன்றில் சிக்கியதாம்.
ஏரிக்கரை நடனக் கொட்டகையில்
யாரோ ஒரு குழு வாசித்த டாங்கோ,
அக்கார்டியன், ஒரு தடித்த ஆண்குரல்.
இரவல் வாங்கியது.
திருப்பித் தர முடியாததால்
அந்தச் சிநேகிதியோடு நாலு வருடம் பேச்சில்லை.
"எனக்கு டாங்கோ ஆகவே ஆகாது," என்றார்.
"தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு
ராக் கச்சேரிக்குப் போகிறவள் நான்."
இடுக்கி, கத்தி, கொண்டை ஊசி,
எதற்கும் அசையவில்லை.
ரீவைண்ட் பொத்தான் மட்டும் உயிரோடு இருந்தது.
அணைத்தால் எஞ்சின் சத்தம்.
எஞ்சினுக்கு இது தேவலை.

இரண்டாம் பாட்டில் மர ஆலை வளைவு,
மூன்றில் நாய் குரைக்கும் வீடு,
நாலாவது தொடங்கும்போது
வரிசையாக ஏழு தபால்பெட்டிகள்.
கடிகாரம் பார்த்ததில்லையாம்.
வளைவுக்கு முன்னாலேயே அந்த அக்கார்டியன் வந்துவிட்டால்
சாலையில் பனி கூடுதல் என்று அர்த்தம்.
தன் விவாகரத்துக் கடிதத்தைத்
தன் பெட்டியில் தானே போட்ட நாளிலும்
அதேதான் பாடியது.
"அன்றைக்கு நானும் கூடப் பாடினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்."
நான் கேட்கவில்லை.

நாலாவது பாட்டின் நடுவில் ஓரிடம்.
டேப்பை இயந்திரம் ஒருமுறை மென்றிருக்கிறது.
குரல் சட்டென்று சுதி இறங்கி,
உறைந்த ஏரியின் துளைக்குள் முங்குகிறவனைப் போல
உள்ளே போய், கொஞ்சம் அங்கேயே இருந்துவிட்டு
மூச்சு வாங்கி மேலே வரும்.
ரைலியின் முகவாய் கூடவே தாழ்ந்தது,
கூடவே எழுந்தது.

மகள் சிர்க்கு எங்கோ தேடி
அதே ஒலிப்பதிவைப் பழுதில்லாமல் பிடித்துப்
பிறந்தநாளுக்குப் போனில் ஏற்றித் தந்தாளாம்.
"நன்றாக இருக்கிறது,
யார் பாடினது என்று கேட்டுவிட்டேன்.
பாவம், அழுதேவிட்டாள்."

டேஷ்போர்டை அறுத்து
கேசட்டை எடுத்துத் தரட்டுமா என்றேன்.
யோசித்தார்.
"எங்கே போட்டுக் கேட்பது?
வீடு நகராதே."

பக்கம் முடிந்து டக் என்றது.
இறங்கினார். கதவை இரண்டு முறை சாத்தினார்,
முதல் தடவை பிடிக்காது அந்தக் கதவு.
பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்,
வேண்டாம் என்று நடந்தார்.

ஜனவரியில் காரை நசுக்கினேன்.
வேறென்ன செய்ய, இடம் வேண்டுமே.

ஜூனில் மார்க்கெத்தாவும் நானும் நடனத்துக்குப் போனோம்.
தகரக் கூரையில் மழை, கழுத்தில் கொசு.
மேடையில் யாரோ சின்னப் பையன்கள்
அந்த நாலாவது பாட்டை எடுத்தார்கள்.
நன்றாகவே பாடினான்.
அந்த இடம் வந்தது.
என் கால் தானாகத் தாழ்ந்து காத்திருந்தது.
பாட்டு காத்திருக்கவில்லை.
"என்ன ஆச்சு உனக்கு?"
மிதிபட்ட விரலைத் தேய்த்தபடி கேட்டாள் மார்க்கெத்தா.
பள்ளம், என்றேன்.
குனிந்து தரையைப் பார்த்தாள்.
புதிதாக இழைத்த பலகை.