கால் சுற்று

மேற்குச் சுவரின் அடிக்கட்டையில்
ஸ்பூனை நுழைத்துப் பார்த்தேன்.
கேக்கில் போவதுபோல் போயிற்று.
நூற்றிருபது வருடத்துப் பைன்
காப்பிப்பொடியாய், ஈரமாய்
என் செருப்பின்மேல் கொட்டியது.

கூடவே ரப்பர் பூட்ஸின் ஒரு துண்டு.
யாரோ ஓட்டையில் வைத்து ஆணியடித்து
மேலே சிவப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள்.
எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும்
பார்க்காத மாதிரிதான் இருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் குற்றவாளி நாங்கள்.
ஹீயுமா தீவுக்கு வந்த புதிதில்
எலி வராதென்று
சுவரோரம் சிமெண்ட் பூசினோம்.
மூச்சுவிட வழியின்றி மரம்
பத்தொன்பது பனிக்காலத்து உருகுநீரையும்
குடித்துவிட்டு நின்றது.

படகுப் பட்டறையிலிருந்து இரண்டு ஜாக்கி.
வாடகை, ஒரு வாளி புகைபோட்ட மீன்.
வடக்கு மூலையில் ஊர்மோ, தெற்கில் நான்.
"கால் சுற்று, ஹில்யே" என்பான்.
"கால் சுற்று" என்பேன்.
அவசரப்பட்டால் அடுப்பின் புகைக்கூண்டு
விரிசல் விட்டுவிடும்.
இந்த வருடம் நாங்கள் பேசியதில்
ஒத்துப்போனது
இந்த இரண்டு வார்த்தைதான்.

மூன்று மணிக்கு வீடு முனகிற்று.
பலகை பெயர்த்த அறைக்குள்
மண்டியிட்டுக் குனிந்தேன்.
கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே
ஒரு வெளிச்சக் கோடு.
அதில் பக்கத்து வீட்டுக் கோழியின் கால்கள்
நிதானமாகக்
கடந்து போயின.

ஜனவரியில் வெட்டிய புதுக்கட்டையைச்
சம்மட்டியால் தட்டித் தட்டி உள்ளே தள்ளினோம்.
சதுப்பில் அள்ளிய பாசியை இடுக்கெல்லாம் திணித்தோம்.
என் நகக்கண்ணில் இன்னும் பச்சை.

வீட்டை இறக்கிய பிறகு
ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.
மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்த அட்டையே
இப்போது மேசையை ஆட்டுகிறது.
எப்போதும் ஜன்னல் பக்கம் உருளும் முட்டை
வைத்த இடத்தில் இருக்கிறது.
பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால்
வலது பக்கம்தான் வழியும், கை அங்கேயே போகிறது,
வழியவில்லை.

படுக்கையறைக் கதவு
ஒருநாளும் தாழில் சேர்ந்ததில்லை.
அந்த ஒரு விரல் இடைவெளியில்
அவன் இருமல் என் பக்கமும்
என் வானொலி அவன் பக்கமும்
போய் வந்துகொண்டிருந்தன.
அது 'க்ளிக்' என்று சாத்திக்கொண்டது.
உள்ளே அவன், வெளியே நான்.
கொஞ்ச நேரம் இருவரும் அசையவில்லை.

"மூடிவிட்டது" என்றான், உள்ளிருந்து.
"கேட்டது" என்றேன்.

கைப்பிடியைத் தொடவில்லை நான்.
அவனும் தொட்ட சத்தமில்லை.
புதுக்கட்டை சரியாக அமர
ஒரு குளிர்காலம் போகவேண்டுமாம்.

ஜாக்கிகளை
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.