ஏழு புள்ளி நான்கு

பதிவேட்டில் ஞாயிறு வரைக்கும்
எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் கர்ட்டிஸ்.
இன்று வியாழன்.

வெள்ளி காலை: பி.எச். ஏழு புள்ளி நான்கு, புரோமின் ஐந்து.
வெள்ளி மாலை: அதே.
சனி: அதே.
ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு.
இன்னும் வராத நாட்களின் தண்ணீரை
ஏற்கெனவே சோதித்துவிட்டான்.

சுப்பீரியர் ஏரியிலிருந்து அரை மைல் உள்ளே
பதினான்கு அறை மோட்டல்.
பின்பக்க மரத்தளத்தில்
எட்டுப் பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டி.
பகலெல்லாம் காட்டை அதிரவைத்த பனிவண்டிக்காரர்கள்
இரவில் வந்து விழுவார்கள் அதில்,
பீரோடு, பெட்ரோல் வாடையோடு,
காலுறை நூலும் முகக் களிம்பும் வியர்வையுமாக.
நூற்றிரண்டு டிகிரியில்
மனிதர்களும் ஒருவகை ரசம்தான்.

"தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்கு?"
ஆறாம் அறை டெல்பர்ட், தோளில் துண்டு.
இருக்கிறது.
அடியில் விழுந்த ஒற்றைக் கம்மலின்
திருகு வரை எண்ணலாம்.
கண்ணால் காண்பதும் பொய்.
தீர விசாரிக்க ஐலியிடம் இருப்பது
விரல் நீளக் காகிதக் கீற்று ஒன்று.

முக்கினாள். பதினைந்து எண்ணினாள்.
புரோமின் கட்டம் நிறமே பிடிக்கவில்லை.
காகிதம் பழசோ என்று இன்னொன்று.
அதுவும் வெள்ளை.
ஜெட் துளைக்குள் விரலை விட்டாள்:
விரால் மீனின் முதுகு.

அப்போதுதான் நினைவு வந்தது,
ஒன்பதாம் அறைப் பெண் சாயங்காலம்
கவுன்டரில் களிம்பு கேட்டது.
பையனுக்கு இடுப்பைச் சுற்றி,
நீச்சல் உடை மறைத்த இடமெல்லாம், சிவந்த புள்ளிகள்.
கொசுவாக இருக்கும் என்றாள் அவள்.
ஐலியும் தலையாட்டினாள்.
பிப்ரவரியில்.

டெல்பர்ட்டிடம் சொன்னாள்: மூடியாச்சு.
அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
வடித்துவிட்டு உடனே நிரப்பாவிட்டால்
குழாய் உறையும், வெடிக்கும்;
வெர்னாவுக்குச் சொல்ல வேண்டிவரும்.
முதலில் குழாய் மருந்தை ஊற்றி ஜெட்டை ஓடவிட்டாள்.
அரை மணியில் வந்தது,
பழுப்பு நுரை, ஊறிய டீத்தூள் போலத் திப்பி திப்பியாக,
கண்ணாடித் தண்ணீர் இத்தனை நாள்
வாய்க்குள் அடக்கிவைத்திருந்தது.

சரிவில் ஆவி பறக்க ஓடிய தண்ணீர்
வேலி தாண்டுமுன் கல்லானது.
ப்ளீச் துணியோடு உள்ளே இறங்கினாள்,
வெறும் தொட்டியில் முட்டி போட்டு,
இருக்கை இருக்கையாக.
பழைய ஃபில்டரைக் கழுவவில்லை. குப்பையில் போட்டாள்.
சலவை அறைச் சுடுதண்ணீர் ஹோஸ்
ஜன்னல் வழியே நீண்டு வந்தது.
கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று
ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு, கோபம் ஆறுமுன்,
கர்ட்டிஸுக்கு ஒரு செய்தி: ஏன்?
பனி வாரும் வண்டியில் விழித்திருந்தான் போல. உடனே பதில்:
"எப்பவும் அதுதானே வரும்."

திட்டத்தான் நினைத்தாள்.
ஆனால் நேற்று இருந்தது நாளையும் இருக்கும் என்பது
உலகத்தில் பாதிப் பேருடைய மதம்.
நேற்றுவரை அவளும்
பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான்
மூடியை மூடினாள்.

விடியும்போது மறுபடி ஒரு கீற்று.
ஆரஞ்சும் இல்லை, சிவப்பும் இல்லை,
டப்பாவில் அச்சிட்ட எந்தக் கட்டத்தோடும்
முழுசாக ஒத்துப்போகாத ஒரு நிறம்.

ஞாயிறு வரைக்கும் கோடு போட்டு அடித்தாள்.
எழுதினாள்:
வெள்ளி, காலை ஆறு நாற்பது.
பி.எச். ஏழு இரண்டுக்கும் ஏழு ஐந்துக்கும் நடுவில் எங்கோ.
புரோமின் நான்கு. மதியம் திரும்பப் பார்க்கணும்.

ஏழு மணிக்கு டெல்பர்ட், அதே துண்டு.
"இப்பவாவது?"
"எண்பத்தொன்பதுதான் ஏறியிருக்கு. மதியம் வாங்க."
அவர் திரும்பி நடக்க,
பின்னாலிருந்து சொன்னாள்:
"குளிச்சிட்டு வாங்க."