ஆறெழுத்து

கொழுந்துத் துண்டில் பத்தொன்பது கிலோ.
சம்பளத் துண்டில் பதினேழு.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
மேற்கணக்கு யோகமணி இரண்டையும்
ஒபீஸ் ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள்.
"கொம்பியூட்டர் பிழை விடாது" என்றேன்.
அப்படிச் சொல்ல யாரும் எனக்குப் பழக்கவில்லை.
நாற்காலி சொல்லவைத்தது.

அன்றிரவு ஏழு வரியில் ஒரு ஸ்க்ரிப்ட்:
செக்ரோல் ஃபைலைப் பார்.
அதை முப்பத்திரண்டு எழுத்தாகப் பிழி.
பழைய பிழிவோடு ஒப்பிடு.
ஒன்றானால் தூங்கு, அறுபது செக்கன்.
வேறானால் நேரத்தைக் குறி,
எந்த வரி எதுவாயிற்றென்று எழுதிவை,
பிறகு தூங்கு, அறுபது செக்கன்.
முடிவு என்று எதையும் நான் எழுதவில்லை.

ஒரு புள்ளி இடம் பெயர்ந்தாலும்
முப்பத்திரண்டும் முகம் மாறும்.
ஆனால் தூங்கும் அந்த அறுபதுக்குள்
மாறி, மறுபடி பழையபடி ஆகிவிட்டால்
அதன் கண்ணுக்கு எதுவுமே நடக்கவில்லை.
ஏழாம் நம்பர் மலையை மூடிய மூட்டம்
நான் தேத்தண்ணி ஊற்றித் திரும்புவதற்குள்
விலகிப் போயிருக்கும், அது போல.

மூன்று இரவு ஒன்றுமில்லை.
ஸ்டோரில் ரோலர் ஓடும் சத்தம்.
பொகவந்தலாவைப் பக்கம் இடி;
கரண்ட் போய் வந்தது,
ஸ்க்ரிப்ட்டைத் தட்டி எழுப்பிவிட்டுப் போனேன்.

நாலாம் இரவு, இரண்டு நாற்பது:
யோகமணி பத்தொன்பது, பதினேழாக.
செபஸ்தியம்மா பதினெட்டு, பதினாறாக.
தனபாக்கியம் இருபது, பதினெட்டாக
(இவள் மட்டும் தப்பினாள், அரைப்பேர் இல்லை).
நாற்பத்தொரு வரி.
ஈரச் சாக்குக்கென்று தராசடியிலேயே
ரெண்டு கிலோ கழித்தாயிற்று.
இது இருட்டில் கழித்தது.

யார்?
ஸ்க்ரிப்ட்டுக்குத் தெரியாது.
எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே போகிறோம்.
பாஸ்வர்ட் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது,
பெரிய கிளாக்கரின் சாய்வெழுத்தில்.
அந்தப் பெயர் நான்கூடத்தான்.
இரண்டு நாற்பதுக்கு எங்கே இருந்தாய் என்றால்
காம்பராவில் தூங்கினேன் என்பேன்.
சாட்சிக்கு, ஒழுகலுக்கு வைத்த வாளி.

மறுநாள் குறிப்பு ஃபைல் சைபர் பைட்.
ஸ்க்ரிப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது,
ஆறு வரியோடு.
பார்க்கிறது, பிழிகிறது, ஒப்பிடுகிறது,
யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

முதலாவதைப் பார்க்க இன்னொரு ஸ்க்ரிப்ட் எழுதலாம்.
அதைப் பார்க்க மற்றொன்று.
எல்லாம் அதே பெட்டிக்குள்,
அதே சாய்வெழுத்துக்குக் கீழே.

அதனால் இப்போது
அந்தி நிறுவை முடிந்து செக்ரோலை மூடியதும்
பிழிவின் முதல் ஆறெழுத்தை
ஜன்னலில் நின்று சொல்கிறேன்.
"நாலு. ஏழு. பி. சைபர். ஈ. ஒன்பது."
யோகமணி துண்டின் முதுகில் எழுதுகிறாள்.
கொழுந்துக் கறை விரலில் பேனா வழுக்குகிறது.
"ஆறெழுத்தா? சரவணபவவா?" என்றாள் முதல் நாள்.
அதற்குப் பலன் உடனே கிடைக்கும்,
இதற்குப் பத்தாம் தேதிவரை பொறுக்கணும் என்றேன்.
சிரிக்கவில்லை. "மறுபடி சொல்லு" என்றாள்.
செபஸ்தியம்மாவுக்கு எழுத வராது;
மகனின் போனில் பேசிவைக்கிறாள்,
ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு விட்டு.

எது மாறிற்றென்று ஆறெழுத்து சொல்லாது.
மாறிற்று என்று மட்டும் சொல்லும்.
எதுவென்று சொல்லத் துண்டின் முன்பக்கம் இருக்கிறது.

வாய் அறுந்த ஸ்க்ரிப்ட்டை நான் திருத்தவில்லை.
ஓடட்டும்.
அதைப் பார்த்து யாரோ நிம்மதியாக
இரண்டு நாற்பதுக்கு அலாரம் வைக்கட்டும்.

நாளை பத்தாம் தேதி.
பெரிய கிளாக்கர் புதுச் சட்டையில் வருவார்.
நாற்பத்தொரு துண்டுகள்
ஜன்னல் கம்பிக்குள் வரும்,
முதுகு மேலே பார்த்தபடி.