முழங்கால் அளவு

மாலத்தீவு என்றுதான் தொடங்கினேன்.
ஐந்து இரவு, ஆறு பகல்,
கண்ணாடித் தரைக்குக் கீழே வண்ண மீன்கள்.
அம்மா கைப்பேசியை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு
"தீவுதானே வேணும் உனக்கு?
சூலூர்பேட்டை வண்டியில ஏறு" என்றாள்.

ஆரம்பாக்கம் தாண்டியதும்
ஆந்திரத்துக்கு நல்வரவு என்றது குறுஞ்செய்தி.
"பாத்தியா, வெளிநாடு" என்று
எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தாள்.

பீமுனிவாரிபாளையத்துத் துறையில்
மோட்டார் சைக்கிள் இரண்டு, ஆடுகள் நாலு,
ஒரு கேஸ் சிலிண்டர்,
நடுவில் நாங்கள்.
சன்ஸ்கிரீன் பூச வந்த என் கையைத் தட்டிவிட்டாள்:
"இருபத்தொன்பது வருசம் வெயில்ல மீட்டர் பாத்தவ நான்.
இனிமே கறுக்க எதுவும் பாக்கியில்ல."

இரக்கத்தில் அறை கொடுத்தவர்கள்
தமிழில் கணக்குச் சொல்லித் தெலுங்கில் தள்ளுபடி செய்தார்கள்.
ஒரே கட்டில். ஒரே மின்விசிறி. அது
மூன்றில் வைத்தாலும் ஒன்றில்தான் சுற்றியது.
பெட்டியை வைக்குமுன்
சுவரோரம் நிமிர்ந்து மீட்டரைப் படித்தாள் அம்மா.
"எர்த் சரியில்ல, ஆளக் கூப்பிட்டுப் பாருங்க" என்று
வீட்டுக்காரம்மாவைப் பயமுறுத்தினாள்.
பயத்திலோ என்னவோ
இரவு இறால் தொக்கு இரட்டிப்பாய் வந்தது.

ராக்கெட் ஏதும் போகுமா என்று கேட்டோம்.
இந்த வாரம் இல்லையாம்.
இருந்தும் இருட்டில் ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் பார்த்தபடி
வெகுநேரம் நின்றோம்.
பேச வேண்டிய இருவருக்கு
அண்ணாந்து பார்ப்பது சௌகரியம்.

மறுநாள் திரும்புகையில், ஏரி நடுவில்,
படகு சேற்றில் உட்கார்ந்தது.
"திகண்டம்மா, இறங்குங்க, கொஞ்சம் நடக்கணும்"
என்றார் சுப்பராயலு, கழியை ஊன்றி.
நான் தயங்கினேன்.
நாலு பக்கமும் கரை தெரியாத தண்ணீர்.
அம்மா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முழங்கால். அவ்வளவுதான்.
இத்தனை பெரிய பரப்பு,
இவ்வளவுதான் ஆழம்.

பூநாரைகள் தொலைவில். அவற்றை அவள்
யூனிட் எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டே வந்தாள்.
நாற்பத்தாறில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல்,
"நான் இங்க முன்னாடி வந்திருக்கேன்" என்றாள்.

"யாரோட?"

"யாரோடயும் இல்ல.
நீ ரெண்டாங்கிளாஸ். காலைல ஆபீசுக்குன்னு கிளம்பினேன்.
பஸ் மாறி உக்காந்துட்டேன்.
சாயங்காலம் வரைக்கும் இங்க சும்மா இருந்தேன்.
அப்புறம் வந்து மாவு அரைச்சேன்."

அந்த நாள் எனக்குத் தெரியும்.
புடவைக் கரையில் காய்ந்த சாம்பல் நிறச் சேறு.
சாக்கடையில் கால் வைத்துவிட்டேன் என்றாள்.
அப்பா எந்தச் சாக்கடை என்று கேட்கவில்லை.
நான்தான் மூக்கை வைத்துப் பார்த்தேன்.
சாக்கடை வாடை இல்லை, உப்பு வாடை.

அது போதுமாயிருந்தது எனக்கு.
"நானும் சிவநேசனும் கையெழுத்துப் போட்டுட்டோம்மா.
மூணு வாரம் ஆச்சு."

அவள் நிற்கவில்லை.
"செருப்பப் பிடி, வழுக்குது" என்று
இரண்டு ஜோடியில் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.
என்னுடையது அல்ல, அவளுடையது.
என்னுடையதை அவளே வைத்துக்கொண்டாள்.

பத்தடி போனபின்
"மாலத்தீவுக்கு எவ்ளோ ஆவும்?" என்றாள்.
சொன்னேன்.
"ரெண்டு பேருக்கா?"
"ரெண்டு பேருக்குத்தான்."
"ம்" என்றாள். பிறகு ஒரு நண்டைப் பார்த்து
"ஐயோ" என்றாள்.

படகு மிதந்துவிட்டது.
"ரண்டம்மா, ஏறுங்க, இனிமே ஆழம்" என்று
கழியால் பலகையைத் தட்டினார் சுப்பராயலு.

"போய்ட்டே இருங்க" என்றாள் அம்மா,
"இன்னும் கொஞ்சம்
நடந்து வர்றோம்."