ரசமட்டம்

வீடு சாய்ந்திருக்கிறது என்று
தண்ணீர்தான் சொன்னது.
சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து, இருபத்தோரு வருஷம்.
கட்டில் சொல்லவில்லை, அடுப்பு சொல்லவில்லை.
உரிக்கும்போது உருண்டோடும் பட்டாணி
ஒவ்வொரு தடவையும் ஃபிரிட்ஜுக்கு அடியில்தான் போகும்;
அது பட்டாணியின் குணம் என்று விட்டிருந்தோம்.

பெர்த்துக்குக் குடிபோன சூப்பர்வைசர்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட தொட்டி.
ஆறு அங்குலம் நிரப்பியதும்
இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு விரற்கடை
கூடுதலாய் ஏறி நின்றது நீர்.
முழுக்க இறைத்துக் கொட்டினோம்.
மேசைக் காலுக்குக் கீழே உடைந்த டைல் செருகினோம்.
ரசமட்டத்தின் குமிழி
நடுவுக்கு வந்து, தயங்கி,
நின்றது.
"இனி யாரும் இந்த வீட்ல குதிக்கக் கூடாது"
என்றார் கிருபாஷன்.
எங்கள் வீட்டில் குதிக்கிற வயதில் யாருமில்லை.

கடல் இருபது நிமிஷத்தில் இருக்கிறது.
மழை கொட்டியதிலிருந்து
கழிவு கலந்திருக்கிறது, இறங்காதீர் என்று
மணலில் ஒரு பலகையும் இருக்கிறது.
அதனால் பொடியாக்கி வாளியில் அடைத்த கடலை
அடுப்படியில் கரண்டியால் கலக்குகிறேன்.
குழம்புக்கு என் கைதான் கணக்கு.
இதற்கு மட்டும் ஒரு சொட்டு எடுத்து,
குழலில் கண் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பார்த்து,
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோட்டை
முப்பத்தைந்தில் நிறுத்த வேண்டும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இட்டாயிற்று.
நினைக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு, ஒரு இறாலைப் போட்டு
அழுக விட வேண்டும் என்றார் கடைக்காரர் ரைனார்ட்.
"நல்ல இறால்," என்றார் கிருபாஷன்,
வேறு எதுவும் சொல்லவில்லை.
அது வெளுத்தது, ஊதியது, நூலாய்ப் பிரிந்தது.
குப்பியில் நிறம் பார்த்தேன்:
மஞ்சள், பச்சை, கரும்பச்சை,
இன்னொரு குப்பியில் கத்தரிப்பூ.
மூன்றாம் வாரம் கல்லெல்லாம்
துருப்பிடித்த மாதிரி பழுப்புப் பாசி.
வேலியில் சாய்ந்து நவமணி கேட்டாள்:
"மீன் எங்கே?"
"இன்னும் வரல்ல."
"அப்ப யாருக்கு லைட்டு?"

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு
அட்டவணைப்படி மின்சாரம் போனது.
பம்பின் முனகல் நின்றபோதுதான்
இத்தனை நாள் அது முனகியது தெரிந்தது.
ஜாடியில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி,
மொண்டு, ஊற்றி,
இரண்டரை மணி நேரம்.
தோள் கழன்றுவிடும் போலிருந்தது.
"கல்லுக்கா காத்து போடுற?" என்று இருட்டு கேட்டது,
சோபாவிலிருந்து, அவர் குரலில்.
கல்லுக்குள் இருப்பதற்கு என்றேன்.
கண்ணுக்குத் தெரியாத எதற்காகவும்
நான் இவ்வளவு பாடுபட்டதில்லை;
சாமிக்குக்கூட.

டார்ச் அடித்தபோது
கல்லின் இடுக்கில், மிளகளவு வாய்,
அதைச் சுற்றி மயிரிழைக் கைகள்,
ஒளி ஊடுருவும் பழுப்பில்,
விரிந்து,
வாங்கிக்கொண்டிருந்தது.
சட்டென்று வெளிச்சத்தைச் சுவருக்குத் திருப்பினேன்,
குளிக்கிறவரைப் பார்த்துவிட்ட மாதிரி.

ரைனார்ட் போட்டோவைப் பெரிதாக்கக்கூட இல்லை.
"களை. காசு கொடுக்காமல் கல்லோடு வந்திருக்கிறது.
பின்னால் வைக்கிற பவளத்தையெல்லாம் சுடும்.
ஊசியில் எலுமிச்சைச் சாறு ஏற்றி
வாயிலேயே குத்து. இன்றைக்கே.
ஒன்றை விட்டால் நூறு."

சாறு பிழிந்தேன். விதை வடிகட்டினேன்.
முழங்கைவரை என் கடலுக்குள் விட்டேன்.
ஊசி முனை நெருங்கும் முன்னே
அது தன்னை முழுவதும் உள்ளே இழுத்துக்கொண்டது.
பம்பு முனகியது.
கல் வெறும் கல்லாய் இருந்தது.

"ஆச்சா?" என்றார் கிருபாஷன்.
"நாளைக்கு," என்றேன்.

ஊசி ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது,
முட்டைகளுக்குப் பக்கத்தில்.
இன்று எண்ணிப் பார்த்தேன்:
நான்கு.