பிந்தியதற்கான காரணம்

நோர்வூட் தாண்டியதும் வளைவில்
பஸ்ஸை நிறுத்துவார் டிரைவர் சுனிமல்.
என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.
பாறைக்குப் பின்னால் போய் வந்து
கியர் போடுவார்.
யாரும் மணி பார்ப்பதில்லை.

எனக்கு
காலை நாலரைக்கு அரைக் கோப்பை பிளேன்டீ,
அதோடு சரி.
இரண்டு பக்கமும் தேயிலை.

டிப்போ கழிவறையில்
பழைய டயர் அடுக்கியிருக்கிறார்கள்.
சாவி டைம்கீப்பரின் இடுப்பில்.

இன்று பொகவந்தலாவையில்
கோயிலுக்குப் பின்னால் ஒரு லயத்துக் கதவைத் தட்டினேன்.
ஈரக்கையோடு வந்தவள்
காக்கிச் சட்டையைப் பார்த்தாள்,
வாளியை நிறைத்துத் தந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் ஏழு நிமிடம் பிந்தியது.
காரணம் என்ற கட்டத்தில்
மூத்திரம் என்று எழுதினேன்.

டைம்கீப்பர் வெட்டிவிட்டு
டயரில் காற்றில்லை என்று திருத்தினார்.
காபன் கொப்பி
அதற்குள் என் பைக்குள் போயிருந்தது.