நாலு பேர்

டெட்ராய்ட்டில் எனக்குக் குழி வெட்டும் வேலை.
நிஜக் குழி, நிஜப் பிணம்.
எழுபத்து நாலில் ஒருவன்
கல்லறைத் தோட்டத்து வாசலில் வேனை நிறுத்தி
"பெட்டிமேல் மண் விழும் சத்தம்
சரியாக வர வேண்டும், வருகிறாயா?" என்றான்.
கண்ணைச் சுற்றி மை. கையில் பாதி தின்ற அவித்த முட்டை.
மேடையில் அவன் டீக்கன் ரூக்.
வரிக் காகிதத்தில் எல்வுட் ப்ரசாக்.

அதற்கு முன் அவர்கள் ஐந்து பேர்.
கடைசிப் பாட்டில் இவன் செத்து விழுவான்.
டட்லி, வெர்ன், ஹாஸ்கெல், ஒல்லி ரே
கிதாரையும் குச்சியையும் கீழே வைத்துவிட்டு
பெட்டிக்குத் தோள் கொடுப்பார்கள்.
பிறகு சண்டை, வக்கீல்.
குழுவின் பெயரை நீதிபதி
நால்வருக்குக் கொடுத்தார்,
சவப்பெட்டியை இவனுக்கு.

தனியாகப் பாடுவது என்றால் என்னவென்று
டொலிடோவில் முதல் ராத்திரி புரிந்தது.
செத்தாயிற்று, தூக்க ஆளில்லை.
வாசிக்க வந்தவர்கள் நோட்டைப் பார்த்து வாசித்தார்கள்,
ஒப்பந்தத்தில் பிணம் தூக்குவது இல்லை.
அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.
நானும் விளக்குப் பையனும்
தரதரவென்று இழுத்துக்கொண்டு போனோம்.
கூட்டம் கூரை பிய்கிற மாதிரிக் கத்தியது.

அப்புறம் ஊருக்கு நாலு பேர், கூலிக்கு.
வேலை போன வெல்டர்கள்,
பள்ளிக்கூட மல்யுத்தப் பையன்கள்.
டேட்டனில் ஒருத்தன் குட்டை, பெட்டி சாய்ந்தது.
உள்ளேயிருந்து பிணம் கெட்ட வார்த்தை பேசியது.

மண்ணை நான்தான் சலிப்பேன்,
கொஞ்சம் தண்ணீர் தெளித்து. அவனுக்கு ஆஸ்துமா,
இது ரசிகர்களுக்குத் தெரியக் கூடாது.
முதல் வாரி நெஞ்சுப் பக்கம், டம்மென்று.
மூன்றாவது வாரிக்குள்
அடிப்பலகை வழியாக நழுவி, மேடைக்கடியில் தவழ்ந்து,
சந்து வழியாக ஓடி
அரங்கத்தின் பின்கதவில் உயிரோடு நிற்பான்,
மேலே ஒற்றை விளக்கு, வாயில் மிச்சப் பாட்டு.
பியோரியாவில் இரண்டு பேர் மயங்கினார்கள்.
மழையில் பதாகையோடு நின்ற தாய்மார்களுக்கு
காபி அனுப்பினான். அவர்கள் குடித்துவிட்டு
மறுபடி சபித்தார்கள்.
எழுபத்தாறு வரை இப்படி.
எழுபத்தேழில் பையன்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டு
வேறு யாருக்கோ கத்தப் போனார்கள்.

எழுபத்தெட்டு ஜனவரி, சாகினா.
முழங்கால் வரை பனி.
மூவாயிரம் நாற்காலி, முந்நூறு தலை.
பின்கதவு விளக்குக்காரனை
சம்பளம் மிச்சம் என்று நிறுத்தியிருந்தார்கள்.
வியர்வையில் மை கழுவிப்போய்
வெறும் சட்டையோடு அவன் இருட்டில் வந்து நின்று
வாயைத் திறந்தான்.
கடைசி வரிசையில் கம்பளிக் குல்லாய்ப் பையன் ஒருத்தன்
திரும்பிப் பார்த்தான்:
"ஷ்... அங்கே ஒருத்தரைப் புதைக்கிறாங்க."

இது அவன் பிறகு சொன்னது.
மேடையிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான்:
கதவு திறந்தது, பாட்டு வரவில்லை,
ஒரு ஆள் காலி நாற்காலியில் உட்கார்ந்தான்.
கையில் மண்வெட்டி.
எப்போது நிறுத்துவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.
போட்டுக்கொண்டே இருந்தேன்.
பெட்டி மூடி, குழி நிரம்பி, மேடு கட்டியது.
தூக்கி வந்த நால்வரும் தொப்பியைக் கழற்றினார்கள்,
நாங்கள் சொல்லிக் கொடுக்காதது.
வெகுநேரம் கழித்துக் கைதட்டல்.
பின்வரிசையில் ஒரு ஜோடிக் கை
தாளம் பிசகாமல்.

வேனுக்குள் முட்டையை உரித்தபடி
"கேஸ், உன் சத்தம்
கடைசி வரிசைவரை கேட்கிறது" என்றான்.
நாலு வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

இறங்கிப் போய் நால்வருக்கும்
இருபது இருபது டாலர் எண்ணிக் கொடுத்தான்.
மூன்று பேர் வாங்கிக்கொண்டார்கள்.
நாலாவது ஆள், மீசையில் பனி ஒட்டிய கிழ பௌண்ட்ரிக்காரர்,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
இந்தக் காரியத்துக்குக் காசு வாங்கும் வழக்கம்
எங்கள் குடும்பத்தில் இல்லை என்றார்.